ஏழு நாடுகள் ஒன்றாகச் சேர்ந்தன என்று இனியாவது சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் அந்த நாற்பது விநாடி வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். பேசியவர் யார், எந்த மேடை என்று நான் எழுதப் போவதில்லை. அவரோடு எனக்குச் சண்டை எதுவும் கிடையாது. "ஏழு அரபு நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து வந்தும், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத நாட்டை அசைக்க முடியவில்லை" என்றார். இஸ்ரேலைத்தான் சொன்னார், அது உருவான 1948 போரை. அரங்கம் சிரித்தது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். கை தூக்கினேன். நேரமாகிவிட்டது என்று மைக் தரவில்லை. சரி, அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

ஒன்றாகச் சேரவில்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். 1948 மே 15 அன்று அவர்கள் ஒன்றாகச் சேரவில்லை. தோற்ற பிறகும் சேரவில்லை.

முதலில் அந்த ஏழு. 1945-ல் கெய்ரோவில் அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக் தொடங்கியபோது அதில் ஏழு நாடுகள் இருந்தன. கணக்கு அங்கேயிருந்து வருகிறது. படையோடு எல்லை தாண்டியவை எகிப்து, டிரான்ஸ்ஜோர்தான் (இன்றைய ஜோர்தான்), ஈராக், சிரியா, லெபனான் என்ற ஐந்து. சவூதி ஒரு சிறிய பிரிவை எகிப்துப் படையோடு அனுப்பியது. ஏமன் பெயருக்குத்தான். மே நடுவில் களத்தில் இறங்கிய அரபுப் படைகள் மொத்தம் சுமார் 25,000 பேர் என்றும், எதிரில் இஸ்ரேல் தரப்பில் சுமார் 35,000 பேர் என்றும் இந்தப் போரைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர்களே கணக்குச் சொல்கிறார்கள். வருடக் கடைசிக்குள் இஸ்ரேல் பக்கம் ஒரு லட்சத்தை நெருங்கிவிட்டது. மேடையில் கேட்ட யானை, எலிக் கதைக்கும் இந்த எண்களுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் எண்ணிக்கை எனக்கு முக்கியமில்லை. இந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் முக்கியம். டிரான்ஸ்ஜோர்தான் மன்னர் அப்துல்லாவின் குடும்பத்திடமிருந்து மக்காவை 1924-ல் பிடித்தவர் சவூதி மன்னர் இப்னு சவூத். அந்தக் காயம் ஆறவே இல்லை. அப்துல்லாவின் தம்பி ஃபைசல் 1920-ல் சில மாதங்கள் டமாஸ்கஸில் அரசராக இருந்தார், பிரெஞ்சுக்காரர்கள் துரத்திவிட்டார்கள். அப்துல்லாவுக்கு டமாஸ்கஸ் கனவு கடைசிவரை போகவில்லை. அதனால் சிரிய அதிபர் குவத்லிக்கு இஸ்ரேலைவிட அப்துல்லாவின் தலைநகரான அம்மானைப் பார்த்துத்தான் அதிகப் பயம். எகிப்து மன்னர் ஃபாரூக்குக்கு அரபு உலகின் தலைமை தன் கையை விட்டுப் போய்விடுமோ என்ற கவலை. ஈராக்கில் ஆண்டது அப்துல்லாவின் குடும்பமே. அப்துல்லா போருக்கு முன்பே, 1947 நவம்பரிலும் 1948 மே மாதத்திலும், யூதர் தரப்புத் தலைவர்களில் ஒருவரான கோல்டா மெயரை ரகசியமாகச் சந்தித்துப் பேசியவர். அவரைத்தான் எல்லாப் படைகளுக்கும் தலைமைத் தளபதி என்று அறிவித்தார்கள். அறிவித்தார்களே தவிர, எகிப்தியத் தளபதிகள் தங்கள் திட்டத்தைக்கூட அவரிடம் காட்டவில்லை. அவருடைய படைக்கு வந்த வெடிமருந்துக் கப்பலை சூயஸில் எகிப்து தானே எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ்காரரான க்ளப் பாஷாதான் அரபு லீஜியன் என்ற அப்துல்லாவின் படைக்குத் தளபதி. குண்டு தட்டுப்பாட்டைப் பற்றி அவர் கடைசிவரை புலம்பினார்.

இதற்குப் பெயர் ஒன்றாகச் சேர்வதா?

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு எழுதவில்லை. 1984 முதல் 1990 வரை குவைத்தில் ஒரு கட்டுமான கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் என் மேஜைக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில்தான் இருக்கும். இக்காமா என்ற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிப்பது, விடுப்புக்கு எக்ஸிட் போடுவது, விண்ணப்பம் டைப் அடிப்பது, அதைத் தூக்கிக்கொண்டு அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் மந்தூபின் பின்னால் ஓடுவது, இதுதான் என் வேலை. எங்கள் ஸ்டோர் கீப்பர் ஒரு பாலஸ்தீனியர். எல்லோரும் அவரை ஹாஜி என்போம். ஊர் மஜ்தல். இன்று அது இஸ்ரேலின் அஷ்கெலோன். காஸாவுக்கு வடக்கே, கடலோரம். நெசவுக்குப் பேர்போன ஊர். அவருடைய அப்பா தறி போட்டவர். எங்கள் தாத்தாவும் தறிக்காரர்தான் என்று ஒரு நாள் சொன்னேன். அதிலிருந்து என்னை மற்றவர்கள் மாதிரி நடத்தமாட்டார். பாவு ஓட்டுவதைக் கையாலேயே காற்றில் செய்து காட்டி, உங்கள் ஊரிலும் இப்படித்தானா என்று கேட்பார். அப்படியேதான் இருந்தது.

1948-ல் அவருக்கு எட்டு வயது. எகிப்துப் படையின் தலைமையிடம் அவர்கள் ஊரில்தான் இருந்தது. பெரியவர்கள் சிப்பாய்களுக்கு டீ கொடுத்ததும், இனி பயமில்லை என்று பேசிக்கொண்டதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அக்டோபர் 15 அன்று இஸ்ரேல் தெற்கே எகிப்துப் படையின் மேல் பாய்ந்தது. 21-ஆம் தேதி பீர்ஷெபா போனது. ஃபலூஜாவில் சுமார் 4,000 எகிப்தியச் சிப்பாய்கள் முற்றுகையில் சிக்கினார்கள். அந்த முற்றுகைக்குள் இருந்த ஒரு மேஜரின் பெயர் கமால் அப்தெல் நாசர். நவம்பர் முதல் வாரத்தில் மஜ்தலும் விழுந்தது. ஹாஜியின் அப்பா தறியின் நாடாவையும் விழுதையும் மட்டும் ஒரு சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு காஸாவுக்கு நடந்தார்.

அந்த மூன்று வாரமும் மற்றப் படைகள் என்ன செய்தன? அரபு லீஜியன் ஒரு சிறிய படையை ஹெப்ரோனுக்கு அனுப்பியது. எகிப்தைக் காப்பாற்ற இல்லை, எகிப்து விட்டுப்போகும் இடத்தை அப்துல்லாவுக்குப் பிடித்து வைக்க. ஈராக் படை ஜெனின், நாப்லஸ் பக்கம் இருந்தது. ஜூனில் ஜெனினை மீட்டவர்கள் அவர்கள், கோழைகள் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, ஏன் முன்னேறவில்லை என்று ஊர்க்காரர்கள் கேட்டபோதெல்லாம் "மாக்கு அவாமிர்" என்றார்களாம். குவைத்தில் இருந்தவர்களுக்கு அந்த 'மாக்கு' தெரியும். இல்லை என்று அர்த்தம். உத்தரவு இல்லை. பாலஸ்தீனியர்கள் மத்தியில் அது ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஸ்டோரில் சிமெண்ட் இல்லை என்று சொல்ல வேண்டுமானால்கூட ஹாஜி "மாக்கு சிமெண்ட், மாக்கு அவாமிர்" என்பார். நான் ஆரம்பத்தில் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். அர்த்தம் புரிந்த பிறகு சிரித்ததில்லை.

"அப்படியானால் அரபுகள் மேல் தப்பே இல்லையா, எல்லாம் மற்றவர் சதியா" என்று கேட்பீர்கள். ஐயா, நான் சொல்வதே அவர்கள் தப்பைத்தானே! தலைநகரங்களின் தப்பு. அரண்மனைகளின் தப்பு. அதை மஜ்தல் நெசவாளியின் தலையில் ஏற்றி, 'அரபுகள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிச் சிரிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தோற்ற பிறகு நடந்ததைப் பாருங்கள். தோற்ற பிறகு என்றுகூடச் சொல்ல முடியாது, தோற்றுக்கொண்டிருக்கும்போதே. 1948 செப்டம்பர் கடைசியில் எகிப்தின் ஆதரவோடு காஸாவில் 'அனைத்துப் பாலஸ்தீன அரசு' அறிவிக்கப்பட்டது. அஹ்மத் ஹில்மி பாஷா பிரதமர். ஜெருசலேமின் முஃப்தி (தலைமை மதகுரு) ஹாஜ் அமீன் அல் ஹுசைனி அதன் தேசிய மன்றத் தலைவர். அக்டோபர் 1 அன்று காஸாவில் மன்றம் கூடியிருக்க, அதே நாளில் அம்மானில் அப்துல்லா போட்டி மாநாடு நடத்தினார். அடுத்தது டிசம்பர் 1, ஜெரிக்கோ மாநாடு. அப்துல்லாவே எங்கள் மன்னர் என்று தீர்மானம். அந்த காஸா அரசு சில வாரங்களில் கெய்ரோவுக்குப் பெயர்ந்துவிட்டது. நிலம் இல்லை, பணம் இல்லை, படை இல்லை. பாஸ்போர்ட் மட்டும் அச்சடித்துக் கொடுத்தது. 1959-ல், அதற்குள் எகிப்தின் அதிபராகிவிட்ட நாசர் அதைக் கலைத்தே விட்டார். ஊர் ஊராக விழுந்துகொண்டிருந்தபோது, விழுந்த ஊர்கள் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு மாநாடுகள்!

அப்புறம் போர்நிறுத்தம். அதையாவது சேர்ந்து பேசினார்களா? இல்லை. எகிப்து 1949 பிப்ரவரி 24, லெபனான் மார்ச் 23, ஜோர்தான் ஏப்ரல் 3, சிரியா ஜூலை 20. ஒவ்வொருவராகப் போய் ஒவ்வொருவராகக் கையெழுத்து. ஈராக் கையெழுத்தே போடாமல் படையை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஈராக் விட்ட முனையை ஜோர்தான் எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. அதற்காக அப்துல்லாவின் ஷூனா அரண்மனையில் இஸ்ரேலோடு ரகசியப் பேச்சு நடந்து, வாதி ஆரா பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு நீண்ட துண்டு நிலம் இஸ்ரேலுக்குப் போனது. அங்கே பர்தா என்று ஒரு கிராமம். கோடு ஊரின் நடுவே விழுந்தது. ஒரு பாதி இஸ்ரேல், மறு பாதி ஜோர்தான். ஒரே குடும்பத்து ஆட்கள் பள்ளத்தின் இரண்டு கரையிலும் நின்று கத்திப் பேச வேண்டியதாயிற்று. அந்தக் கோட்டைப் போட்ட மேஜையைச் சுற்றி பர்தாக்காரர் ஒருவர்கூட உட்காரவில்லை.

மேற்குக் கரையை 1950 ஏப்ரலில் ஜோர்தான் தன்னோடு இணைத்துக்கொண்டது. லீக்கிலிருந்து நீக்குவோம் என்று மற்றவர்கள் மிரட்டினார்கள். பிறகு சமாதானமானார்கள். இதற்கு நடுவே சிரியாவில் 1949 என்ற ஒரே வருடத்தில் மூன்று ராணுவக் கலகம். எகிப்துப் பிரதமர் நுக்ராஷி கொலை. லெபனான் பிரதமராக இருந்த ரியாத் அல் சுல்ஹ் 1951 ஜூலையில் அம்மானில் கொலை. சில நாள் கழித்து ஜெருசலேமின் அல் அக்ஸா மசூதியில், பேரன் ஹுசைன் பக்கத்தில் நிற்க, அப்துல்லா கொலை. ஃபலூஜாவிலிருந்து உயிரோடு திரும்பிய அந்த மேஜர் 1952-ல் ஃபாரூக்கையே வீட்டுக்கு அனுப்பினார்.

"இஸ்ரேலின் திறமையை மறைக்கிறீர்கள்" என்பார்கள். மறைக்கவில்லை. ஒரே தலைமை, ஒரே திட்டம், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஆயுதம், எல்லாம் இருந்தது. போதுமா?

"கல்ஃப் காசு பேசுகிறது" என்று ஒருவர் போன பதிவிலேயே எழுதியிருந்தார். இதற்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இரண்டு நாளாக மனசில் அரிக்கிறது. அந்தக் காசுக்கு நான் ஆறு வருடம் வேலை செய்தேன். அதற்கு மேல் யாருக்கும் நான் விசுவாசம் பாக்கி வைக்கவில்லை. ஆண்டவர்களைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகும் என்னைப் பார்த்து இதைச் சொன்னால் நான் என்ன செய்வது? நான் பேசுவது அந்த பீரோவுக்காக.

ஆமாம், பீரோவுக்காக. ஹாஜியும் அவர் அண்ணன்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். பெரியவர் யாஃபா துறைமுகத்தில் வேலைக்குப் போனவர். படகேறி பெய்ரூட் போய்ச் சேர்ந்தார். நடுவில் உள்ளவர் ரம்லேயில் மாமா வீட்டில் இருந்தார். 1948 ஜூலையில் லித்தாவையும் ரம்லேயையும் இஸ்ரேல் படை காலி செய்தபோது ஜோர்தான் பக்கம் போனார். ஹாஜி அப்பாவோடு காஸா. ஆக, பெரியவரிடம் லெபனான் கொடுத்த அகதிப் பத்திரம். நடுவிலவரிடம் ஜோர்தான் பாஸ்போர்ட். ஹாஜியிடம் எகிப்து கொடுத்த பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு எகிப்துக்குள்ளேயே விசா இல்லாமல் நுழைய முடியாது. அம்மா ஒன்று, காகிதம் மூன்று. அந்தத் தலைநகரங்களின் பகை முழுக்க என் பீரோவில் ஒரு நீல அட்டைக்குள் இருந்தது.

அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் ஓர் அண்ணனோடு இருந்தார். எந்த நாடு என்று எழுதமாட்டேன். எதுவாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது. அங்கே போவதற்கான விண்ணப்பத்தை டைப் அடித்தவன் நான். ஒரு முறை திரும்பி வந்தது. இன்னொரு சான்று சேர்த்து மறுபடி அடித்தேன். அதுவும் திரும்பியது. மூன்றாவது முறை அடிக்கும்போது ஹாஜி என் பக்கத்தில் நின்றுகொண்டு, நாட்டைக் கேட்கும் கட்டத்துக்கு வந்ததும், "கொஞ்சம் நிறுத்து" என்று கார்பன் தாளைத் தூக்கிப் பார்த்தார். பிரதியில் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாராம். அனுமதி வந்தபோது அம்மா இறந்து நாற்பதாம் நாள் முடிந்திருந்தது.

இப்படி ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொண்டு அந்த அரங்கத்தில் நான் எப்படிச் சிரிப்பது?

1990 ஆகஸ்டில் ஈராக்கின் சதாம் குவைத்துக்கு உள்ளே வந்தார். அரபு லீக் மறுபடி இரண்டாகப் பிளந்தது. பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் சதாம் பக்கம் சாய்ந்தார் என்ற கோபத்தை, போர் முடிந்ததும் குவைத்தில் இருந்த பாலஸ்தீனியர்கள் மேல் காட்டினார்கள். போருக்கு முன் அங்கே சுமார் நாலு லட்சம் பேர். அதன் பிறகு சில பத்தாயிரம். எகிப்துப் பத்திரம் வைத்திருந்த காஸாக்காரர்களுக்குப் போக்கிடமே இல்லை. நாங்கள் செப்டம்பரிலேயே பாக்தாத் வழியாக அம்மானுக்குக் கிளம்பிவிட்டோம். எங்களுக்கு ஏர் இந்தியா விமானம் காத்திருந்தது. கிளம்பும் அன்று பீரோவைத் திறந்து அவரவர் காகிதத்தை அவரவர் கையில் கொடுத்தேன். ஹாஜி தன்னுடையதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, ஜோர்தானின் சர்க்காவில் இருக்கும் அண்ணனின் போன் நம்பரை ஒரு சிமெண்ட் ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

அம்மானில் முகாமிலிருந்து போன் செய்தேன். மறுநாள் அந்த அண்ணன் ஒரு பை நிறைய ரொட்டியும் ஃபிளாஸ்க்கில் டீயும் எடுத்துக்கொண்டு வந்தார். முகம் அப்படியே ஹாஜி. எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் எல்லாம் சொன்னேன். தம்பி இன்னும் சிகரெட் பிடிக்கிறானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் இங்கே வந்துவிடலாமே, விடுவார்களா என்று நான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "மாக்கு அவாமிர்" என்றார்.

அந்த வீடியோவை எனக்கு இனி யாரும் அனுப்பாதீர்கள்.