ஜலாஷ்வாவைப் பழைய இரும்பு என்று சொல்லாதீர்கள்

நம் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா பற்றிப் பேச்சு வந்தாலே, "அமெரிக்காக்காரன் கழித்துவிட்ட பழைய இரும்பு" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு வலிக்கிறது. 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் அந்தக் கப்பலிலிருந்து இறங்கிய 687 பேரில் என் சித்தப்பா மகனும் ஒருவன்.

ஈரானுக்கு மீன்பிடிக்கப் போனவன். கொரோனா வந்து விமானம் நின்றது, தொழில் நின்றது, சம்பளமும் நின்றது. கன்னியாகுமரியிலிருந்து ராமநாதபுரம் வரை எத்தனையோ கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே இதே கதிதான். சித்தி எந்நேரமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பார். ஜூன் 25 அன்று ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறிவிட்டோம் என்று தம்பி சொன்னபோதுதான் அன்று அவர் சோறு சாப்பிட்டார். "வள்ளத்துலயே கிடந்தவனுக்கு அது கப்பல் மாதிரியே இல்லண்ணே, ஒரு ஊரு மாதிரி இருந்துச்சு" என்றான் பிறகு.

ஊர் மாதிரிதான். 173 மீட்டருக்கு மேல் நீளம், ஏறத்தாழ 17,000 டன். ஆயிரம் வீரர்களை ஏற்றிப் போய் அந்நியக் கரையில் இறக்குவதற்காகக் கட்டிய கப்பல். பின்பக்கக் கதவைத் திறந்து, தொட்டிகளில் நீர் நிரப்பிப் பின்புறத்தைத் தாழ்த்துவார்கள். கடல் வயிற்றுக்குள் வரும். உள்ளே நிற்கும் படகுகள் அங்கேயே மிதந்து வெளியே கிளம்பிவிடும். எனக்குத் தெரிந்து கப்பல் கட்டும் கலையில் இதைவிட அழகான யோசனை குறைவு. ஆயிரம் பேருக்குப் படுக்கவும் உண்ணவும் இடம் வைத்துக் கட்டியதால்தான், இடைவெளி விட்டுப் படுக்க வேண்டிய அந்த நாட்களிலும் எழுநூறு பேரைச் சுமக்க முடிந்தது.

இந்தக் கப்பலுக்கு இது புதிய வேலையும் அல்ல. 1971-ல் 'ட்ரென்டன்' என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. 1991 ஜனவரியில் சோமாலியாவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, மொகதிஷுவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தை நோக்கி முதல் ஹெலிகாப்டர்கள் கிளம்பியது இதன் மேல்தளத்திலிருந்துதான். தூரம் அதிகம், வழியில் வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனார்கள். 281 பேர் தப்பினார்கள், சோவியத் தூதரும் அதில் ஒருவர். 2006-ல் லெபனான் போரின்போது பெய்ரூட்டிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றியது. 2007-ல் ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு நம்மிடம் வந்து, விசாகப்பட்டினத்தைத் தாய்த் துறைமுகமாகக் கொண்டது.

வாங்கியதில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கப்பலின் நிலையைச் சரியாக மதிப்பிடாமல் அவசரப்பட்டார்கள் என்று அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் தலைமைத் தணிக்கையாளர் (சி.ஏ.ஜி.) 2008-லேயே கண்டித்தார். அந்த வருடம் பிப்ரவரியில் கப்பலுக்குள் விஷவாயு கசிந்து ஓர் அதிகாரியும் ஐந்து மாலுமிகளும் இறந்தார்கள். அந்த ஆறு பேரை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? தம்பி வந்து இறங்கிய பிறகுதான் நானும் அதைத் தேடிப் படித்தேன். அதற்கு வெட்கப்படுகிறேன்.

என் கோபம் கப்பல் மேல் இல்லை, அதற்கு மாற்று செய்யாதவர்கள் மேல். இதே வகையில் நான்கு கப்பல்களை உள்நாட்டிலேயே கட்ட 2013-ல் டெண்டர் விட்டார்கள். ஏழு வருடம் இழுத்தடித்து 2020-ல் ரத்து செய்தார்கள். மாலத்தீவு, இலங்கை, ஈரான் ஆகிய நாடுகளிலிருந்து 3,992 பேரைக் கடல் வழியாகக் கூட்டி வந்த அதே 2020! 'சமுத்திர சேது' என்ற அந்தப் பணிக்கு நான்கு கப்பல்கள் போயின. அவற்றில் ஜலாஷ்வா மட்டும் ஐந்து பயணத்தில் கொண்டுவந்தது 3,359 பேரை. நாற்பத்தொன்பது வயதுக் கப்பல், கொதிகலனில் நீராவி ஏற்றி ஓடும் கப்பல்!

அதன் இடத்துக்கு வேறொன்று கட்டப்பட வேண்டும். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமே இருக்கிறது. நம் கடலோர எம்.பி.க்கள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் கேட்கும் அதே குரலில் இதையும் கேட்க வேண்டும் என்பேன்.

தம்பி ஒன்றரை வருடம் ஊரில் இருந்தான். கடன் அடையவில்லை. இப்போது மறுபடியும் வளைகுடாவில்தான் தொழில் செய்கிறான்.