முதல் நாள் ஸ்கிக்கு புரொக்னர்செத்தரன் வேண்டாம்

ஒஸ்லோவில் பனி கொட்டியதும் புதிதாக ஸ்கி (பனிச்சறுக்குக் கட்டை) வாங்கியவர்கள் பலர் நேரே 1ஆம் இலக்க மெட்ரோவில் ஏறி புரொக்னர்செத்தரனுக்குப் போகிறார்கள். இடம் அருமையானதுதான். ஆனால் பழகாதவர்களை, அதுவும் பிள்ளைகளை, முதல் நாளே அங்கே கூட்டிப் போகாதீர்கள். அந்த நிலையம் 469 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள பாதைகள் ஏறி இறங்குபவை. ஞாயிறு மதியத்தில் தடம் முழுக்கச் சனம். நிறுத்தத் தெரியாதவர் இறக்கத்தில் தடுமாறினால் பின்னால் வருபவருக்கு விலக இடமிருக்காது. அப்படி ஒரு நாள் போதும், ஸ்கி நிலவறைக்குள் போய்விடும்.

சமதரையில் தொடங்குங்கள். 5ஆம் இலக்க மெட்ரோவின் கடைசி நிறுத்தமான சொங்ஸ்வானில், ஏரியின் தென்கரையில் பெரிய வெளி இருக்கிறது. முதல் அரைமணி நேரம் கோல்களை ஓரமாக வைத்துவிட்டு நடக்க விடுங்கள். கோல் கையில் இருந்தால் உடல் அதில் சாயும், எடை காலுக்கு மாறாது. இரு ஸ்கியும் இணையாக ஓடும் கிளாசிக் நடையின் உயிரே ஒரு காலில் முழு எடையையும் வைப்பதுதான். பிறகு சிறு சரிவில் ஸ்கியின் பின்பகுதிகளை விரித்து, முனைகளை நெருக்கி, வேகத்தைக் குறைக்கப் பழக்குங்கள். கட்டுப்பாடு போனால் பக்கவாட்டில் விழ வேண்டும். எழும்போது ஸ்கி இரண்டும் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும், இல்லையென்றால் எழ எழ வழுக்கும்.

நகரின் வடகிழக்கே குரூருட் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு அடுத்தடுத்த தடவைகளில் அவ்வளவு தூரமும் தேவையில்லை. அம்மெரூட்டிலோ குரூருட்டிலோ இறங்கினால் லில்லோமார்க்கா காடு நடக்கிற தூரம். அங்கே ஏற்றம் உண்டு, ஆகவே இரண்டாவது மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் இருக்கும் லில்லோசெத்தர் உணவகம்வரை போய்த் திரும்புவது நல்ல இலக்கு. டிசம்பரில் பின்னேரம் மூன்றேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும் ஊரில், வேலை முடிந்து போவதென்றால் மின்விளக்குப் பாதைகளையே தேர்ந்தெடுங்கள்.

உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் போவதால்தான் பாதி ஏமாற்றங்கள் வருகின்றன. 100 மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் 0.6 பாகை குறையும். சொங்ஸ்வான் ஏரி 183 மீற்றரில் இருப்பதால் புரொக்னர்செத்தரனுக்கும் அதற்கும் ஏறத்தாழ இரண்டு பாகை வித்தியாசம். நகரத்தில் மழை பெய்யும்போது மேலே நல்ல பனி இருப்பது இதனால்தான். காற்றில்லாத, தெளிந்த குளிர் இரவுகளுக்குப் பிறகு கணக்குத் தலைகீழாகும்: குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி, கீழே உறைந்துபோய் இருக்கும், மேலே இதமாக இருக்கும்.

புறப்பட முன், தடங்களைப் பராமரிக்கும் ஸ்கிச் சங்கமான ஸ்கிஃபோரெனிங்கனின் பாதை அறிவிப்பில் இயந்திரம் கடைசியாக எப்போது தடம் போட்டது என்று பாருங்கள். பனி உருகி மறுபடி உறைந்த பிறகு இயந்திரம் போகவில்லையென்றால் தடம் வெறும் ஐஸ். பழகுபவர்களுக்கு அதைவிட மோசமான நிலை இல்லை. அன்று வீட்டில் நில்லுங்கள்.

ஸ்கி விடயத்தில் என் தீர்ப்பு தெளிவு: தொடக்கத்துக்கு ஃபெல்லெஸ்கி. அடியில் பனியைப் பிடிக்கும் மொஹேர் (ஆட்டுமயிர்) பட்டை ஒட்டியிருப்பதால் ஒவ்வொரு நாளும் பிடிமானத்துக்கு மெழுகு தேடத் தேவையில்லை. சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையில் புதுப்பனி விழும்போது மட்டும் பட்டையில் ஐஸ் கட்டிக்கொள்ளும், அதற்கென்று உள்ள தெளிப்பானை முன்பே அடித்துவிட்டுப் போங்கள். ஸ்கியை உயரம் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், எடைதான் முக்கியம். சமதரையில் இரண்டு ஸ்கியிலும் நின்றால் பாதத்துக்கு நேரே ஸ்கியின் அடியில் வைத்த கடதாசி இழுபட வேண்டும். ஒற்றைக் காலில் முழு எடையும் வைத்தால் அது இறுகிப் பிடிபட வேண்டும். அப்போதும் இழுபட்டால் ஸ்கி உங்களுக்கு விறைப்பு அதிகம், ஏற்றத்தில் பின்னால் வழுக்கும். பழையது வாங்குபவர்கள் சப்பாத்தின் அடியையும் பாருங்கள்: எஸ்.என்.எஸ் வகைச் சப்பாத்து, அதை ஸ்கியோடு பூட்டும் என்.என்.என் வகைப் பிணைப்பில் பொருந்தாது. கோல் அக்குள் உயரம். இதையெல்லாம் வாங்குவதற்கு முன் பூஆ (BUA) என்ற விளையாட்டுப் பொருள் இரவல் நிலையத்தில் இலவசமாக இரவல் எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளின் கால் வருடா வருடம் வளரும், வாங்கிக் கட்டுப்படியாகாது.

தடித்த குளிர்மேலங்கி வேண்டாம். பத்து நிமிடத்தில் வியர்த்து, நின்றதும் அந்த ஈரமே குளிரும். மெல்லிய கம்பளி உள்ளாடை, மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய சட்டை, நிற்கும்போது போட பையில் இன்னொன்று. பருத்தி எதிலும் கூடாது.

வலப்பக்கமாகப் போங்கள். இறங்கி வருபவருக்கே முன்னுரிமை. விழுந்தால் உடனே தடத்தைவிட்டு விலகுங்கள். சப்பாத்தோடு தடத்தில் நடப்பதை நம்மவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும், ஒரு காலடிக் குழியே அடுத்தவரை விழுத்தும்.

காட்டில் கால் வைக்க எவருக்கும் 1957ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தருகிறது, நுழைவுச்சீட்டு இல்லை. ஆனால் தடம் தானாக விழுவதில்லை. 1883இல் தொடங்கிய ஸ்கிஃபோரெனிங்கன் உறுப்பினர் பணத்தையும் நம்பித்தான் இயந்திரங்களை ஓட்டுகிறது. ஒரு பருவம் முழுக்க அந்தத் தடங்களில் போகும் குடும்பம் உறுப்பினர் கட்டணத்தைக் கட்டத்தான் வேண்டும்.