திட்டிவிட்டாவது போங்கள் அக்கா!

(சொற்பொழிவு முடிந்து கூட்டம் கலைகிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களான அக்காவும் சுமதியும் வீட்டுக்கு நடக்கிறார்கள்.)

சுமதி: பேச்சு என்றால் இதுதான் அக்கா பேச்சு! ஒவ்வொரு வார்த்தையும் சாட்டையடி.

அக்கா: யார் மேல் விழுந்தது?

சுமதி: முதல் அடி எங்கள் மாமியாருக்கு. அவர் வரவில்லை. அடுத்தது ஆபீஸ் மேனேஜருக்கு. அவரும் வரவில்லை. கோபத்தைப் பற்றிச் சொன்னாரே, அது முழுக்க முழுக்க என் வீட்டுக்காரருக்கு. பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார், தூங்கிவிட்டார்.

அக்கா: உனக்கு?

சுமதி: நான்தான் ரெக்கார்டிங் செய்துகொண்டிருந்தேனே! எல்லோருக்கும் அனுப்ப வேண்டாமா?

அக்கா: நாத்தான் கதையையாவது காதில் வாங்கினாயா?

சுமதி: வாங்காமலா! நாத்தனார் என்றதுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா: நாத்தனார் இல்லை, நாத்தான். பைபிளில் வருகிற தீர்க்கதரிசி. தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போரில் சாகும்படி செய்துவிட்டார். ராஜாவிடம் போய் 'நீ செய்தது தப்பு' என்று யார் சொல்வது? நாத்தான் ஒரு கதையோடு போனார். ஏகப்பட்ட ஆடுமாடு வைத்திருந்த ஒரு பணக்காரன், விருந்தாளி வந்ததும் தன் மந்தையைத் தொடாமல், ஏழையிடம் இருந்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்துவிட்டான் என்று.

சுமதி: பாவி! அவனையெல்லாம் சும்மா விடக் கூடாது அக்கா.

அக்கா: தாவீதும் இதையேதான் சொன்னார். அவன் சாக வேண்டும், ஒன்றுக்கு நாலாகத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பே கொடுத்துவிட்டார். அப்போதுதான் நாத்தான் சொன்னார்: 'நீயே அந்த மனுஷன்.'

சுமதி: அடடா! சரியாக அந்த இடத்தில்தான் என் போனில் சார்ஜ் போய்விட்டது.

அக்கா: இன்றைக்குப் பேசியவர் அதோடு 190-வது குறளையும் சேர்த்துச் சொன்னார். 'ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு.' அடுத்தவர் குற்றத்தைப் பார்க்கிற கண்ணாலேயே நம்முடையதையும் பார்க்க வேண்டுமாம். அந்தக் கண்தான் நமக்கு எவ்வளவு கூர்மை! நாத்தான் அதை ராஜாவுக்குக் கொஞ்ச நேரம் இரவல் கொடுத்தார், அவ்வளவுதான்.

சுமதி: (நின்றுவிட்டு) இப்போது எதற்கு அக்கா இரவல் பேச்சு?

அக்கா: ஏன் பதறுகிறாய்? சும்மா ஒரு கதை சொல்கிறேன் கேள். ஓர் அம்மாவிடம் ஒரே ஓர் ஏணி இருந்தது...

சுமதி: நிறுத்துங்கள்! இது நாத்தான் வேலை. நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். வக்கீலைக் கேட்காமல் வாயே திறக்க மாட்டேன்.

அக்கா: சரி, கதை வேண்டாம். காந்தியின் சீடர் வினோபா பாவே என்ன செய்தார்? 1951 ஏப்ரல் 18, தெலங்கானாவில் போச்சம்பள்ளி. நிலமில்லாத மக்கள் 80 ஏக்கர் வேண்டும் என்றார்கள். அவர் யாரையும் மிரட்டவில்லை. கூடியிருந்தவர்களைப் பார்த்து, இங்கே யாராவது உதவ முடியுமா என்று மட்டும் கேட்டார். ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். நிலத்தைத் தானமாகக் கேட்ட பூதான இயக்கமே அப்படித்தான் தொடங்கியது.

சுமதி: 80 கேட்டதற்கு 100-ஆ? அந்தக் கணக்குப்படி நான் ஒன்றேகால் ஏணி தர வேண்டியிருக்குமே!

அக்கா: நான் உன்னிடம் ஒன்றுமே கேட்கவில்லையே.

சுமதி: கேட்காமல் இப்படிப் பார்த்தால் எப்படி? திட்டிவிடுங்கள் அக்கா. நன்றாகத் திட்டுங்கள்.

அக்கா: ம்ஹூம். கீதையில் கிருஷ்ணர் அத்தனை உபதேசம் செய்துவிட்டு, 18-வது அத்தியாயத்தில் என்ன சொல்கிறார்? 'இதை முழுதும் யோசித்துப் பார், பிறகு உன் விருப்பப்படி செய்.'

சுமதி: இரண்டு பக்கமும் சேனை நிற்கிறது, நடுவில் நின்றுகொண்டு விருப்பப்படியா?

அக்கா: ஆமாம். நீயும் உன் விருப்பப்படியே செய்.

சுமதி: இது அநியாயம்! திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி, கொஞ்ச நாள் பேசாமல் இருந்து, கணக்கை முடித்திருப்பேன். இப்போது மொத்தமும் என் தலையில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது!

அக்கா: இன்றைக்குப் பேசியவரும் யாரையும் திட்டவில்லை, கவனித்தாயா? திட்டுகிறவர் பேச்சுக்குத்தான் கைதட்டல் அதிகம். ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலிக்காரரை நினைத்துத் தட்டுவார்கள்.

சுமதி: நான் தட்டவே இல்லை. கையில் போன் இருந்தது. அப்புறம், ஒன்று சொல்கிறேன் அக்கா, அந்த ஏணியை வாங்கி வந்தது என் வீட்டுக்காரர்.

அக்கா: அப்படியா.

சுமதி: ஏறியது என் மைத்துனர்.

அக்கா: சரி.

சுமதி: துணி காயப்போடுவது மட்டும்தான் நான்.

அக்கா: ம்.

சுமதி: ஐயோ, இந்த 'ம்' தாங்க முடியவில்லை! வாருங்கள், இப்போதே கொடுத்துவிடுகிறேன். நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கள்.

அக்கா: நானா? தன் பொறுப்பைத் தானே சுமக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினாரே?

சுமதி: பொறுப்பு ஒருத்திக்குத்தான் அக்கா. ஏணிக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே!