இஜிடி ப்ரோப் டர்போவுக்கு முன்னாடியே இருக்கட்டும்

டர்போ வண்டியில் எக்ஸாஸ்ட் வாயுவின் சூடு (இஜிடி) பார்க்க மீட்டர் வாங்கியாச்சு, சூட்டை அளக்கும் முனையான ப்ரோபை எங்கே மாட்டுவது என்று கேட்டால் ஒரு பதில் தயாராக வரும். "டர்போவுக்குப் பின்னாடி டவுன்பைப்பில் போட்டுடு, பயமில்லை. மீட்டர் காட்டுறதோட ஒரு 150 கூட்டிக்கோ." முதல் வாக்கியத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தை நம்பினால் இன்ஜின் காலி.

டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரமான டர்பைன் சும்மா சுற்றுவதில்லை. எக்ஸாஸ்ட் வாயுவிடமிருந்து பிடுங்கிய சக்தியில்தான் அது இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரைச் சுழற்றுகிறது. சக்தியை விட்டுக்கொடுத்த வாயு குளிர்ந்துதான் வெளியே வரும். எவ்வளவு குளிரும் என்பது டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த விகிதத்தைப் பொறுத்தது. டர்பைன் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். உள்ளே வருவது 900 டிகிரி செல்சியஸ், அழுத்த விகிதம் 2 என்றால் சுமார் 130 டிகிரி இறங்கும். விகிதம் 3 ஆனால் இறக்கம் 200-ஐத் தொடும். மிதமான ஓட்டத்தில் 400 டிகிரியும் 1.2 விகிதமும் என்றால் வெறும் 20 சொச்சம். ஆக, கூட்ட வேண்டிய எண் 20-ஆ, 130-ஆ, 200-ஆ என்பது அந்தந்த நொடியின் பூஸ்ட்டை, அதாவது கம்ப்ரஸர் தரும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. மீட்டருக்கு அது தெரியாது.

போதாக்குறைக்கு வேஸ்ட்கேட், அதாவது பூஸ்ட் எல்லை மீறாமல் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் கதவு. உள்ளேயே வேஸ்ட்கேட் உள்ள டர்போவில் அது திறந்ததும் ஒரு பங்கு வாயு டர்பைனைத் தொடாமலேயே, சூடு குறையாமல் டவுன்பைப்புக்கு வந்துவிடும். வந்த இடத்திலேயே நன்றாகக் கலந்தும் விடாது; குழாயின் ஒரு பக்கமாக ஒட்டி ஓடும். ப்ரோப் அந்தப் பக்கம் இருந்தால் ஒரு எண், எதிர்ப்பக்கம் இருந்தால் இன்னொரு எண். முள் 40 டிகிரி ஏறினால் இன்ஜின் சூடேறியதா, வேஸ்ட்கேட் திறந்ததா என்று எதை வைத்துச் சொல்வது? டர்பைன் ஹவுசிங் வேறு கனமான வார்ப்பு. அது சூடேறி முடியும்வரை வாயுவின் சூட்டைத் தின்றுகொண்டே இருக்கும். டவுன்பைப் ப்ரோப் விஷயத்தைச் சொல்லும்போது நீங்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து நேரமாகியிருக்கும்.

டவுன்பைப் அளவீடே வீண் என்று சொல்லவில்லை. கேட்டலிஸ்ட்டுக்குள் (புகையைச் சுத்திகரிக்கும் பகுதிக்குள்) போகும் சூடு எவ்வளவு என்பதுதான் கேள்வி என்றால் அதற்குச் சரியான இடம் அதுதான். ஒரே வண்டியில், ஒரே ஏற்றத்தில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும். டர்பைனையும் பிஸ்டனையும் காப்பாற்றத்தான் மீட்டர் என்றால் ப்ரோப் டர்பைனுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும்.

முன்னால் என்றால் எங்கே? என் தேர்வு கலெக்டர். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சிலிண்டருக்கு ஒன்றாக வரும் குழாய்களான ரன்னர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து டர்போ ஃபிளேஞ்சுக்குள் நுழையும் இடம். ஒரே ஒரு ரன்னரில் போடுகிறவர்கள் உண்டு. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு 720 டிகிரி சுழற்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் திறந்திருக்கும். மீதி நேரம் ப்ரோப் நகராத வாயுவில் நின்று, சுவரைப் பார்த்துச் சூட்டை இழந்துகொண்டிருக்கும். கலெக்டரில் ஒரு அலை போனதும் அடுத்த அலை வந்துவிடும். அதனால் அதே இன்ஜினில், அதே லோடில், ரன்னர் ப்ரோப் குறைவாகவும் கலெக்டர் ப்ரோப் கூடுதலாகவும் காட்டும். இரண்டில் எதுவும் பொய்யில்லை. ஆனால் டர்போ தயாரிப்பாளர்கள் தரும் உச்ச வரம்பு டர்பைன் நுழைவாயிலில் உள்ள சூட்டுக்குத் தரப்படுவது. அந்த எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடிவது கலெக்டர் அளவீட்டை மட்டும்தான்.

எக்ஸாஸ்ட்டை இரண்டு தனிப் பாதையாக டர்போவுக்குக் கொண்டுபோகும் ட்வின் ஸ்க்ரோல் மேனிஃபோல்டில் இந்த வசதி பாதிதான். 1, 4 சிலிண்டர்கள் ஒரு பக்கம். 2, 3 மறுபக்கம். நடுவில் சுவர். ஒரு ப்ரோப் பாதி இன்ஜினைத்தான் பார்க்கும். இரண்டு ப்ரோப் போடுங்கள். முடியாவிட்டால் எந்த ஜோடி சூடாக ஓடுகிறதோ அந்தப் பக்கம் போடுங்கள். இரண்டையும் ஒரே ப்ரோபில் பிடிக்கலாம் என்று நடுச்சுவரைத் துளைக்காதீர்கள். அங்கேதான் முதலில் விரிசல் விடும்.

சிலிண்டருக்கு ஒன்று என்று போடுவது ட்யூனிங் செய்கிறவர்களின் வேலை. அப்படிப் போட்டால் ஹெட் ஃபிளேஞ்சிலிருந்து எல்லா ப்ரோபும் ஒரே தூரத்தில், 40 மி.மீ. அளவில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். 10 மி.மீ. முன்னே பின்னே போனாலே சிலிண்டர் வித்தியாசம் என்று நினைப்பது இட வித்தியாசமாக இருக்கும். படிக்கும் முறையும் எரிபொருளுக்கு ஏற்ப மாறும். பெட்ரோலில், ரிச்சாக (காற்றுக்குத் தேவையானதைவிட எரிபொருள் கூடுதலாக) ஓடும் முழு லோடில், இன்ஜெக்டர் அடைத்த சிலிண்டர் மற்றதைவிடச் சூடாகும். டீசலில் அதே கோளாறு வந்தால் அந்தச் சிலிண்டர் குளிரும்.

கலெக்டரிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. வளைவின் உள்பக்கம் வேண்டாம். அங்கே ஓட்டம் சுவரைவிட்டுப் பிரிந்து சுழன்றுகொண்டிருக்கும். வெளி வேஸ்ட்கேட்டுக்குப் போகும் கிளைக்குழாய் வேண்டாம். கேட் மூடியிருக்கும்போது அது முட்டுச்சந்து. இஜிஆர் (எக்ஸாஸ்ட்டின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும்) கிளையின் வாயும் வேண்டாம். ரன்னர்கள் சேரும் வெல்டிங் மேலேயே பங் (ப்ரோபைத் திருகும் மரை வளையம்) வைக்கக் கூடாது. நாலு ரன்னரும் கலந்த பிறகு, நேராகப் போகும் பகுதியில், மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ இறக்குங்கள். ஸ்பேனர் சுற்ற இடம் வேண்டும், வயர் வளைய இடம் வேண்டும், ஹீட் ஷீல்டு திரும்ப உட்கார வேண்டும். இதைப் பென்சிலால் குறித்து, ஷீல்டை வைத்துப் பார்த்த பிறகுதான் டிரில்லைத் தொட வேண்டும்.

ஆழத்தில் கோட்டைவிடுகிறவர்கள்தான் அதிகம். முனை, குழாய் விட்டத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருக்க வேண்டும், நடுமையம்வரை போகலாம். 45 மி.மீ. கலெக்டரில் 15 முதல் 22 மி.மீ. வரை. ப்ரோப் தடிமனின் ஐந்தாறு மடங்காவது வாயுவுக்குள் நீட்டியிருக்க வேண்டும் என்பது இன்னொரு அளவுகோல், 3 மி.மீ. ப்ரோபுக்கு அது 15 முதல் 18 மி.மீ. சுவரை ஒட்டி நின்றால் தண்டு வழியாகச் சூடு சுவருக்குக் கடந்துபோய் மீட்டர் குறைவாகக் காட்டும். ப்ரோப் பொருத்துவதில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை குறைத்துக் காட்டும் திசையிலேயே போகின்றன. அதனால்தான் அவை ஆபத்து. ஆழத்தைக் கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கை இறுக்குவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். ஃபிட்டிங்குக்குள் இருக்கும் ஃபெரூல் என்ற கவ்வு வளையம் ஒருமுறை தண்டைக் கடித்துவிட்டால் பிறகு நகராது.

இனி, எல்லோரும் பயப்படும் விஷயம். முனை உடைந்து டர்பைனுக்குள் போனால்? போனால் டர்போ போச்சு. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் சக்கரத்தில் சின்னத் துண்டு பட்டாலும் பிளேடு தாங்காது. பயம் நியாயம்தான். ஆனால் அது ஏன் உடைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் தப்பான ப்ரோபால். கம்பி இரண்டும் வெளியே தெரியும் திறந்த முனை வேகமாகப் படிக்கும், சீக்கிரம் அறுந்தும் போகும். டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் மேடையில்) சில நிமிட ஓட்டத்துக்கு அது சரி, தினசரி வண்டிக்குச் சரியில்லை. சாதாரண 304 ஸ்டெயின்லெஸ் உறை 900 டிகிரியில் செதில் விட்டு மெலியும். மூடிய முனை, இன்கோனல் 600 உறை, குறைந்தது 3 மி.மீ. தடிமன், தேவைக்கு மேல் நீட்டாத தண்டு. இந்த நாலும் இருந்தால் உடையும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அப்படியும் அதை ஸ்பார்க் பிளக் மாதிரி தேயும் பொருளாகத்தான் பார்க்க வேண்டும்: சர்வீஸ்தோறும் கழற்றி, முனையில் விரிசல், வீக்கம், வளைவு இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவது.

உடையாத ப்ரோபும் கெட்டுப்போகும். ப்ரோபுக்குள் பெரும்பாலும் இருப்பது கே டைப் தெர்மோகப்பிள், இரண்டு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் சூட்டை மின்னழுத்தமாகத் தரும் சென்சார்; அதன் ஒரு கால் குரோமெல் என்ற நிக்கல்-குரோமியம் கம்பி. ஆக்சிஜன் குறைந்த சூழலில், ஏறக்குறைய 815 முதல் 1040 டிகிரிக்குள், அதிலுள்ள குரோமியம் மட்டும் தனியாக ஆக்சைடாகி மின்னழுத்தம் குறையும். ரிச்சாக ஓடும் பெட்ரோல் எக்ஸாஸ்ட் அப்படிப்பட்ட சூழல்தான். மூடிய உறை இதைத் தள்ளிப்போடும். மாசக்கணக்கில் ஓடியபின் மீட்டர் "முன்னைவிடக் கூலா ஓடுது" என்று காட்டினால் சந்தோஷப்படாமல் முதலில் ப்ரோபைச் சந்தேகப்படுங்கள்.

துளை போடும் விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது: மேனிஃபோல்டைக் கழற்றுங்கள். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு டிரில் போட்டால் புகையே துருவலை வெளியே தள்ளிவிடும் என்பார்கள். ஐடிலில் அங்கே இருக்கும் அழுத்தம் மிகச் சொற்பம். பிட் மறுபுறம் பிதுங்கும் கணத்தில் விழும் கடைசிச் சுருள் உள்ளேதான் விழும், அடுத்த நிறுத்தம் டர்பைன். காந்தம் விட்டு எடுத்துவிடலாம் என்பதும் சாதாரண வார்ப்பிரும்புக்குத்தான் பொருந்தும். நிக்கல் அதிகமுள்ள வார்ப்பும் 304 போன்ற ஸ்டெயின்லெஸ்ஸும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. மேனிஃபோல்டைக் கழற்ற வழியே இல்லையென்றால் டர்போவையாவது இறக்கி, கீழ்வாயிலிருந்து வேக்குவம் பிடிக்க வழி செய்யுங்கள்.

பரவலாகக் கிடைக்கும் ஃபிட்டிங் 1/8 என்பிடி (அமெரிக்கக் கூம்பு மரை அளவு). 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, 6, பிறகு 8.4 அல்லது 8.5. வார்ப்பிரும்பில் எண்ணெய் இல்லாமலேயே டிரில் போகும். டேப் கூம்பு வடிவம், அங்குலத்துக்கு 27 மரை. அடிவரை ஓட்டிவிட்டால் துளை பெரிதாகி ஃபிட்டிங் லொடலொடக்கும். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை கழற்றி ஃபிட்டிங்கை வைத்துப் பாருங்கள். 5 மி.மீ. சுவரில் ஐந்து மரைதான் கிடைக்கும் என்பதால் வார்ப்பு தடித்திருக்கும் இடமாகத் தேடுங்கள். குழாய் மேனிஃபோல்டு என்றால் மரை போடாதீர்கள், பங் வெல்டு பண்ணுங்கள். உள்ளே ஒரு பழைய பிளக்கைத் திருகிவைத்து வெல்டு பண்ணினால் மரை கோணாது. மரையில் நிக்கல் கலந்த ஆன்டிசீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) தடவுங்கள். டெஃப்லான் டேப்புக்கு இங்கே வேலையில்லை.

வயரிங்கில் நடக்கும் தப்பு கண்ணுக்கே தெரியாது. கே டைப் ப்ரோபின் வயர் நீளம் போதவில்லை என்று சாதாரணத் தாமிர வயரை இணைத்துவிடுவார்கள். மீட்டர் வேலை செய்யும், எண் காட்டும். இணைப்பு உள்ள இடம் 80 டிகிரி, மீட்டர் உள்ள கேபின் 30 டிகிரி என்றால், காட்டுவது உண்மையைவிட 50 டிகிரி குறைவு. கே டைப் நீட்டிப்பு வயரும் அதற்கான கனெக்டரும்தான் வேண்டும். நிறத்தைப் பார்த்து இணையுங்கள்: அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ், சர்வதேச ஐஇசி முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சிவப்பு என்றால் பிளஸ் என்ற பழக்கம் இங்கே காலை வாரும். நீட்டிப்பு வயரை இரண்டு முனையிலும் மாற்றி மாட்டிவிட்டால் மீட்டர் சரியான திசையில்தான் ஏறும், ஆனால் அதே 80, 30 கணக்கில் 100 டிகிரி குறைத்துக் காட்டும். 900 டிகிரியிலும் சிக்னல் 37 மில்லிவோல்ட் சொச்சம்தான்; இக்னிஷன் காயில் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். முனை உறையோடு ஒட்டாத வகை ப்ரோபாக இருந்தால் எர்த் தொல்லையும் இல்லை.

எண்ணைப் படிப்பதில் ஒன்று மட்டும். பெட்ரோல் டர்போக்களில் பலவற்றுக்கு 950 டிகிரி வரம்பு, உயர் உலோகம் போட்டவை 1050 வரை தாங்கும். உங்கள் டர்போவின் எண்ணைத் தேடிப் பிடியுங்கள். பழைய டீசல்களில் தொடர்ந்து 700, 750-க்கு மேல் நிற்கவிடாமல் ஓட்டுவது நல்லது. ஆனால் பெட்ரோலில் குறைந்த சூடு என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. இக்னிஷனை முன்னே தள்ளினால் எக்ஸாஸ்ட் சூடு இறங்கும். அதே நேரத்தில் சிலிண்டருக்குள் நாக் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) தொடங்கியிருக்கலாம். அதை இந்த ப்ரோப் பிடிக்காது.

பொருத்தி முடித்ததும் ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மீட்டர் சுற்றுப்புற வெப்பநிலையைக் காட்ட வேண்டும். அடுத்து ப்ரோபைக் கழற்றி, முனையைக் கொதிக்கும் நீரில் விட்டால் 100-ஐ ஒட்டி வர வேண்டும். நீட்டிப்பு வயர் தலைகீழா என்பது இதில் தெரியாது; இணைப்பும் மீட்டரும் ஒரே சூட்டில் இருக்கும்போது அந்தப் பிழை மறைந்துகொள்ளும். அதனால் முனை நீரில் இருக்கும்போதே ஹேர் டிரையரால் இணைப்பை மட்டும் சூடாக்கிப் பாருங்கள். எண் அசையக் கூடாது. சரியாக இருந்தால் திரும்ப மாட்டி, நன்றாகச் சூடேறி முழுக்க ஆறிய பிறகு ஃபிட்டிங்கை இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.