குட்டி பிக்கப்புக்கு இந்த விலையா?

2022 மாடலாக ஃபோர்டு மேவரிக் வந்தபோது, பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் இன்ஜினோடு ஆரம்ப விலையே 19,995 டாலர்தான். அதனால்தான் அமெரிக்காவில் அத்தனை பேர் முந்தியடித்து புக் செய்தார்கள். 2024இல் அதே ஹைப்ரிட்டுக்குத் தனியாக 1,500 டாலர் கேட்டார்கள். 2025 மாடல் அறிமுகமானபோது 26,295! டெலிவரி கட்டணம் வேறு, அதற்கு மேல் டீலர் ஏற்றிவைக்கும் தொகை வேறு. வயிறு எரிகிறது.

வண்டியில் குறை சொல்லவில்லை. பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி நாலரை அடிதான். ஆனாலும் பின்கதவைப் பாதி திறந்து நிறுத்தினால், தொட்டிக்குள் புடைத்திருக்கும் சக்கர மேட்டுக்குச் சமமாக நின்று, நாலுக்கு எட்டு அடி பிளைவுட்டைப் படுக்கையாகத் தாங்கும். சுமார் 680 கிலோ ஏற்றலாம். முன்சக்கர இயக்க ஹைப்ரிட் ஊருக்குள் லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். தினமும் ஊருக்குள் ஓட்டுபவருக்கு இன்னும் கட்டுப்படியாகும்.

ஆனால் மேல்மட்ட டிரிம் (வசதி கூடிய வகை), நாலு சக்கர இயக்கம், நாலாயிரம் பவுண்டு டிரெய்லரை இழுக்கும் டோ பேக்கேஜ் என்று சேர்த்துக்கொண்டே போனால், ஃபோர்டின் பெரிய பிக்கப்பான ரேஞ்சர் விலையைத் தொட்டுவிடும். ரேஞ்சருக்கு ஐந்தடி தொட்டி, பாடிக்கு அடியில் தனி சேஸி, டோ பேக்கேஜோடு 7,500 பவுண்டு இழுவை. அந்தப் பணத்துக்கு மேவரிக் எதற்கு? மலிவு வண்டியை மலிவாக விற்க வேண்டியதுதானே!