நாளைக்குக் கிருஷ்ணர் வேஷமாம், ராத்திரி எட்டரைக்குச் சொல்றாங்க!

"அன்பான பெற்றோர்களே, நாளை மழலைகள் அனைவரும் கிருஷ்ணர் அல்லது ராதை வேடத்தில் வரவும். கிரீடம், புல்லாங்குழல் இவற்றைக் குழந்தைகள் தாங்களே செய்திருந்தால் சிறப்பு." வாட்ஸ்அப் குரூப்பில் இது வந்து விழுகிற நேரம் ராத்திரி எட்டரை. கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். "ஏன் மிஸ், இப்பச் சொல்றீங்க?" என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. கோகுலாஷ்டமி என்ன நேத்து முளைத்த பண்டிகையா? ஜனவரியிலேயே தினசரிக் காலண்டரில் அச்சாகிச் சுவரில் தொங்குகிறது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் முதல்நாள் சாயங்காலம்தான் அது கண்ணில் படும்.

அதற்கப்புறம் நடப்பது காரைக்குடியானாலும் தேவகோட்டையானாலும் ஒன்றுதான். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து, "அண்ணே, கிருஷ்ணர் செட்டு இருக்கா?" ஒருநாள் வாடகைக்கே சில நூறு ரூபாய், அதற்கு மேல் அட்வான்ஸ். கைக்கு வருவது மினுமினுக்கிற பாலியெஸ்டர் பஞ்சகச்சம், பின்பக்கம் கம்பி துருத்திய கிரீடம், போன தடவை போட்ட பிள்ளையின் வியர்வை வாடை. நம்ம ஊர் வெக்கையில் அதை மாட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ரெண்டு மணி நேரம் காத்துக் கிடந்தால், நாலு வயசுப் பிள்ளைக்கு இடுப்பைச் சுற்றி வேர்க்குரு வராமல் என்ன செய்யும்? கடைசியில் பரிசு யாருக்கு? அந்த வாடகை செட்டுக்கு. அட்டை வெட்டி, பிள்ளை தன் கையால் தாள் ஒட்டிய கிரீடம் கோணலாக இருக்கிறதாம். அதற்கு ஒரு பங்கேற்புச் சான்றிதழ். அப்புறம் எதற்கு "தாங்களே செய்திருந்தால் சிறப்பு" என்று ஒரு வரி?

நாலு வயசுப் பிள்ளையால் என்ன முடியும், என்ன முடியாது என்று அறிவிப்பு எழுதுகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? தாளைக் கிழிக்கும், பசை தடவும், ஒட்டும், அச்சுக் குத்தும், பெரிய துளை உள்ள மணியைக் கோர்க்கும். அட்டை வெட்டாது, முடிச்சுப் போடாது. ஆறு வயசானால் நேர்கோட்டில் கத்தரிக்கோல் ஓடும். இந்த அளவுக்குள் வேலையைப் பிரித்தால் கிரீடத்துக்குப் பெரிதாகச் செலவே இல்லை.

முதலில் அளவு. இந்த வயசில் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 50, 51 செ.மீ. இருக்கும். ஆனாலும் நூலைச் சுற்றி அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஜவுளிக் கடையில் சேலை வைத்துத் தருகிற மெல்லிய அட்டைப் பெட்டிதான் இதற்கு அருமையான சரக்கு. அது இல்லாமல் மளிகைச் சாமான் வந்த தடித்த பெட்டி என்றால், அட்டைக்குள் ஓடும் நெளிவரிகள் நிமிர்ந்து நிற்கிற மாதிரி பட்டையை வெட்டுங்கள். வரி படுத்துக் கிடந்தால் வளைக்கும்போது அட்டை படக் படக்கென்று ஒடிந்து, கிரீடம் வட்டமாக வராமல் பெட்டியாக நிற்கும். முக்கால்வாசி வீட்டில் கோணலாகப் போவது இதனால்தான், பிள்ளையின் கைவேலையால் அல்ல. பட்டை நீளம் 46 செ.மீ., உயரம் 7, முன்னால் மட்டும் 15 வரை கூம்பாக எழுப்பலாம். வட்டத்தை முழுசாக மூடி ஒட்டாதீர்கள். பின்னால் இடைவெளி விட்டு, ரெண்டு முனையிலும் துளை போட்டு எலாஸ்டிக் கட்டுங்கள். துளை போடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ரெண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டவில்லை என்றால், பிள்ளை ஒரு தடவை இழுத்ததுமே அட்டை கிழிந்துவிடும். நெற்றியில் படுகிற உள்பக்கத்தில் பழைய பனியன் துணி ஒரு விரல் அகலத்துக்கு ஓடட்டும். சரிகையும் ஜிகினாவும் வியர்வையோடு சேர்ந்தால் நெற்றி சிவந்து அரிக்கும்.

பசைக்கு மைதாவே போதும். ரெண்டு கரண்டி மைதாவைப் பத்துக் கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல் மினுங்கும் வரை கிண்டி இறக்கினால் ஒரு கிரீடத்துக்கும் ஒரு குழலுக்கும் தாராளம். மறுநாள் புளித்துவிடும், வைத்துக்கொள்ள வேண்டாம். பூச்சி வராது என்று யாராவது மயில்துத்தம் போடச் சொல்வார்கள். அது சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்களின் பழக்கம், விஷம். விரலை வாயில் வைக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் அதை வாசற்படி ஏற்றாதீர்கள். ஜிகினாத் தாளில் மினுக்குப் பக்கம் எந்தப் பசையும் பிடிக்காது. பின்பக்கத்தில்தான் பசை, அதுவும் அட்டையில் மெல்லிசாகத் தடவி ரெண்டு நிமிஷம் இழுக்க விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும். சொதசொதவென்று தடவினால் தாள் ஊறிச் சுருங்கும். வழவழப்பான பெட்டியாக இருந்தால் அதை உள்வெளியாகத் திருப்பி, சொரசொரப்புப் பக்கம் வெளியே வருகிற மாதிரி எடுங்கள்.

மயில் பீலியைச் சாண் நீளத்துக்கு மேல் விடாதீர்கள், காம்பு நுனியில் டேப் சுற்றுங்கள். பக்கத்தில் நிற்கிற ராதையின் கண் பத்திரம். புல்லாங்குழலுக்குப் பப்பாளிக் காம்பு வேண்டாம், அதன் பால் உதட்டில் பட்டால் எரியும். செய்தித்தாள் ஒரு தாளை மூலையிலிருந்து பென்சில் மேல் சாய்வாக உருட்டி, கடைசி மூலையில் பசை தொட்டால் குழல் தயார். துளைக்குப் பதில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஆறு பொட்டு.

நீலம்! இதைச் சொல்லாமல் விட முடியாது. போஸ்டர் கலரை முகத்திலும் கழுத்திலும் அப்பிக் கூட்டிவருகிறார்கள். காகிதத்துக்கு என்று செய்த சாயம் அது. காய்ந்ததும் தோல் இழுக்கும், வியர்த்தால் கண்ணில் இறங்கும். நீல நிற முழுக்கை டிசர்ட் ஒன்றைப் படம் உள்ளே போகிற மாதிரி திருப்பிப் போட்டால் முடிந்தது வேலை. முகத்துக்குச் சந்தனமும் ஒரு நாமமும் போதும், கண்ணனை யாரும் அடையாளம் தெரியாமல் போகமாட்டார்கள். வேட்டி வேண்டுமானால் அப்பாவின் பழைய நாலு முழத்தை நீளவாக்கில் ரெண்டாகக் கிழித்து ஒரு பாதி. அதன் ஓரத்தில் வெண்டைக்காய் அச்சு போடுவது முழுக்கப் பிள்ளையின் வேலை. காம்புப் பக்கம் குறுக்கே வெட்டிய காயை ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்து ஈரம் போக்கிவிட்டு, சாயத்தை ஸ்பாஞ்சில் ஊற்றி அதில் தொட்டுக் குத்தச் சொல்லுங்கள். கிண்ணத்தில் நேராக முக்கினால் பூ வராது, திட்டுதான் வரும். துணிச் சாயம் ஒரு நாள் காய்ந்து, பின்பக்கம் இஸ்திரி போட்டால்தான் நிற்கும். ஒரு நாள்! அந்த ஒரு நாளைத்தான் எட்டரை மணி அறிவிப்பு பிடுங்கிக்கொள்கிறது.

கிருஷ்ணர் போய் மூச்சு விடுவதற்குள் பிள்ளையார் வந்துவிடுவார். "நாளை களிமண் பிள்ளையார் கொண்டுவரவும்." மண் என்ன மாவா, பிசைந்ததும் தட்டில் வைத்து நீட்ட? வெறும் களிமண் காயும்போது சுருங்கும். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் கிடக்கும், வயிறு பிளக்கும். விடிந்ததும் அவசரத்துக்கு வெயிலில் வைப்பார்கள், இன்னும் சீக்கிரம் பிளக்கும். கண்மாய்க் களிமண் அரைக் கிலோ எடுத்தால் உள்ளங்கை உயரப் பிள்ளையார் ஒன்று வரும். கால் பங்கு சலித்த மணல் சேர்த்துப் பிசைந்து, வயிற்றை அடியிலிருந்து கட்டைவிரலால் குடைந்து விட்டு, முதல் ராத்திரி ஈரத்துணி போட்டு மூடி, அப்புறம் நிழலில் ரெண்டு மூணு நாள். தும்பிக்கை விழுவதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், காய்ந்த இடத்தில் காய்ந்த மண்ணை அமுக்குவது. ரெண்டு பக்கமும் ஈர்க்கால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, களிமண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தொட்டு ஒட்டினால் அசையாது. கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது காலங்காலமான வழக்கம். ஆனால் அந்த விதையைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மழலை வகுப்புக்குப் போகிற பிள்ளையாருக்கு மிளகே கண்ணாக இருக்கட்டும்.

கொடுமை என்னவென்றால், இதெல்லாம் எந்த ஊரில்? பெட்டி பெட்டியாகக் கொட்டான் என்கிற பனையோலைக் கூடை முடைந்து கல்யாணத்துக்குச் சீர் வைத்த ஊரில். வீட்டு முற்றத்து வளவில் உட்கார்ந்து அப்பத்தாவும் ஆயாவும் சாயம் போட்ட ஓலையைக் கோர்த்த ஊரில், பாரம்பரிய தினத்துக்குச் செட்டிநாட்டு ஆச்சி வேஷம் போடுகிற பிள்ளையின் கையில் பிளாஸ்டிக் கூடை. கொட்டான் முடைவது சின்னப் பிள்ளை வேலை இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஓலைக் காற்றாடி முடியும். பச்சையாக வெட்டிய ஓலையில் உடனே செய்யக்கூடாது. காயக் காய ஓலை ஒடுங்கும், பின்னல் தளர்ந்து கழன்றுவிடும். நிழலில் வாட விட்டு, செய்வதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒடியாமல் மடங்கும். விரல் அகலத்தில் சாண் நீளக் கீற்று ரெண்டு, ஒன்றை மடித்து அதற்குள் மற்றதைக் குறுக்கே கோர்த்து இறுக்கினால் நடுவில் சதுரமாகப் பிடித்துக்கொள்ளும். காற்றாடி சுழலும் அச்சுக்குக் கருவேல முள் வேண்டாம், தென்னை ஈர்க்கும் முனையில் ஒரு பாசிமணியும் போதும். நடுத்துளை ஈர்க்கை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கிக் குத்திவிட்டு "சுத்த மாட்டேங்குது" என்று புலம்பிப் பிரயோஜனமில்லை.

அந்த ஆச்சி வேஷத்துக்கு முழுக் கண்டாங்கிச் சேலையைச் சுற்றுகிறவர்களும் உண்டு. அஞ்சரை மீட்டர் கெட்டி நூல் சேலை அஞ்சு வயசு இடுப்பில் நிற்குமா? ரெண்டரை மீட்டர் கட்டம் போட்ட பருத்தித் துப்பட்டா, உயரத்துக்கு மடித்து, கொசுவத்தை முன்கூட்டியே எலாஸ்டிக் பட்டையில் தைத்துவிட்டால் பாவாடை மாதிரி ஏற்றிவிடலாம். ஊக்கு தோளில் ஒன்றுதான், அதையும் துணிக்கு உள்பக்கமாகக் குத்தாமல் வெளிப்பக்கம் பூட்டுங்கள்.

கைவேலைக்கு எவ்வளவு நாள் வேண்டும் என்பதைச் செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையார் நோன்புக்குத் திருக்கார்த்திகையிலிருந்து புது வேட்டியில் நாளுக்கு ஒரு நூலாக உருவிச் சேர்த்து, 21 இழையைத் திரியாக்கி மாவில் வைக்கிறார்கள். வீட்டில் மூணு வயசு இருந்தால் அன்றன்றைய நூலை அதன் கையால் எடுக்கச் சொல்லலாம். நோன்புக்கு வேண்டிய ஆவாரம்பூ பறிக்கக் கூட்டிப்போகலாம். இதற்கு எந்தக் கடையிலும் செட்டு வாடகைக்குக் கிடையாது. இதே வீட்டுப் பிள்ளைக்குத்தான் பொங்கலுக்கு முதல்நாள் ராத்திரி, தெர்மாகோலில் குடிசை செய்து அனுப்பச் சொல்லி மெசேஜ் வருகிறது. அறுத்தால் வீடெல்லாம் வெள்ளைப் பொடி, ரப்பர் சொல்யூஷன் தொட்டால் உருகிக் குழியாகும். அதோடு ஜிகினாப் பொடி வேறு. ஆத்தங்குடிப் பூப்போட்ட சிமெண்டுக் கல் பதித்த தரையில் குங்குமமோ சாயமோ கொட்டினால் சிமெண்டு குடித்துவிடும், ஆசிட் ஊற்றிக் கழுவினால் பூவே அரித்துப் போகும். அப்பத்தா திட்டுவது நியாயம்தான். பழைய வேட்டியை விரித்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

டீச்சர்மாரே, உங்கள் மேலும் மேலிடத்து நெருக்கடி இருக்கும், தெரியும். ஆனாலும் பத்து நாள் முன்னால் ஒரு மெசேஜ் போட எந்த நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்? பண்டிகைப் பட்டியலை ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள். வாடகை உடுப்பு போட்டியில் சேராது என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். நடுவராக வருகிறவரிடம் மதிப்பெண் தாளில் ஒரே ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லுங்கள்: "இதுல நீ எதை ஒட்டுன, காட்டு?" விரல் நீட்டிக் காட்டுகிற பிள்ளைக்குப் பாதி மதிப்பெண். அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்குச் சான்றிதழ்.