கையில தீனி இல்லனா நாய் கேக்காதா?
தீனி குடுத்து பழக்குன நாய், கையில தீனி இல்லனா பேச்சு கேக்காதுன்னு நாய் பழக்குறத பத்தி வந்த ஒரு கட்டுரைல இருக்கு, அத என்னால ஒத்துக்க முடியல. தீனிய காட்டி வேலை வாங்குறது வேற, வேலை முடிஞ்சப்புறம் குடுக்குறது வேற. நானும் முதல்ல பிஸ்கட் கவர ஆட்டி ஆட்டிதான் எங்க நாய கூப்பிடுவேன், கவர் சத்தம் கேக்கலனா திரும்பிகூட பாக்க மாட்டா, அது அவ தப்பு இல்ல, நான் கத்துக்குடுத்ததே அந்த சத்தத்ததான். அப்புறம் கிளிக்கர் (அமுக்குனா ‘கிளிக்’னு சத்தம் போடுற சின்ன கருவி) வாங்கி, வெறுங்கையோட கூப்பிட்டு, அவ திரும்புன அந்த நொடியே கிளிக், அதுக்கப்புறம்தான் பைக்குள்ள கைய விட்டு எடுக்குறதுன்னு மாத்தினேன். நல்லா பழகுனதும் எப்ப கிடைக்கும்னு தெரியாத மாதிரி விட்டு விட்டு குடுத்தேன், சில நேரம் தீனிக்கு பதிலா பந்து. இப்ப பூனைய துரத்துறப்போ கூப்பிட்டாகூட பாதி வழில திரும்பி வரா! நாய்ங்க தடைகள தாண்டி ஓடுற அஜிலிட்டி போட்டிய பாருங்க, ஓடுற களத்துக்குள்ள பொதுவா தீனி கொண்டு போகவே விட மாட்டாங்க, ஆனாலும் நாய் வரிசையா நட்ட 12 கம்பத்துலயும் ஒண்ணு விடாம வளைஞ்சு வளைஞ்சு போகுது. அந்த கட்டுரைக்கு கமெண்ட் போட்ட ஒருத்தர் ஓநாய் கூட்டத்து தலைவன் மாதிரி நாய அடக்கி வெக்கணும்னு சொல்லியிருக்காரு, சார் அது அடைச்சு வெச்ச ஓநாய்கள பாத்து 1947ல எழுதுனது, காட்டுல கூட்டம்னா பெரும்பாலும் அப்பா அம்மா குட்டிங்கதான்னு ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1999லயே எழுதிட்டாரு, அடக்குறதுக்குன்னு நாய்க்கு போடுற, கழுத்த இறுக்குற அந்த செயின தயவுசெஞ்சு கழட்டிடுங்க.